வீட்டுக் கணினிக்கு விண்டோஸா, லினக்ஸா?



"ஐயா, வீட்டிலுள்ள கணினி பழையதாகிவிட்டது. கடையில் கேட்டால் புதிது வாங்கச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு என்ன வாங்குவது?" என்று பெற்றோர் கேட்பது அண்மைக் காலமாக மிகுந்திருக்கிறது. சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, "லினக்ஸ் என்று ஏதோ இலவசமாக இருக்கிறதாமே, அது நம் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா?" என்றும் வினவுகின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் கூறுவதைவிட, என் கருத்தை இங்கே முழுமையாக எழுதிவைப்பது நலம் என எண்ணுகிறேன்.

இக்கேள்வி ஏன் இப்போது எழுகிறது?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, இல்லிருப்புக் கற்றல் தொடங்கியது. கணினியே இல்லாதிருந்த பல தமிழ்க் குடும்பங்கள் அவ்வேளையில் கையிலிருந்த பணத்தைத் திரட்டி, பயன்படுத்திய மடிக்கணினிகளை வாங்கின. அலுவலகங்களில் கழித்துவிடப்பட்ட கணினிகளே அவற்றுள் பெரும்பாலானவை. எல்லாவற்றிலும் விண்டோஸ் 7 அல்லது விண்டோஸ் 10 இருந்தது.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரி 14ஆம் நாளே நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அதன்பின் ஓராண்டுக்கு மட்டும் பாதுகாப்பு நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் நிறுவனம் அறிவித்தது. ஆதரவு முடிந்துவிட்டால் கணினி மறுநாளே நின்றுபோகும் என்பதில்லை. அது வழக்கம்போல் இயங்கும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் கோப்புகள் இனி வாரா. பூட்டு பழுதான கதவைப் போன்றது அது. வீடு வீடாகத்தான் இருக்கும்; ஆனால் நிம்மதியாகத் தூங்க முடியாது.

சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்றால், அங்கே ஒரு தடை இருக்கிறது. அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் புராசசராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எட்டாம் தலைமுறை 2017ஆம் ஆண்டில்தான் சந்தைக்கு வந்தது. ஆகவே, 2015, 2016ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட கணினி நல்ல நிலையில் இருந்தாலும், முறைப்படி விண்டோஸ் 11ஐ ஏற்காது. கடைக்காரர் "புதிது வாங்குங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அது முழு விடையும் இல்லை.

நேர்மை என்னும் பாடம்

இந்நிலையில் குடும்பங்கள் மூன்று வழிகளை நாடுவதைக் காண்கிறேன். வசதி உள்ளவர்கள் புதிய கணினி வாங்குகின்றனர். சிலர் ஒன்றும் செய்யாமல் பழையதையே தொடர்கின்றனர். வேறு சிலர், தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, உரிமம் இல்லாத விண்டோஸை "உடைத்து" ஏற்றிக்கொள்கின்றனர்.

மூன்றாம் வழியைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். இந்நாட்டில் அது புதிய பழக்கமன்று. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் பசார் மாலாம் கடைகளில் மென்பொருள் குறுவட்டுகள் சில ரிங்கிட்டுக்குக் கூவி விற்கப்பட்டதை நாற்பதைக் கடந்த எவரும் மறந்திருக்க முடியாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதே வேடிக்கையாகத் தோன்றுகிறது. ஆனால் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி மென்பொருளும் உரிமையுடைய படைப்புதான். ஒரு நூலை நகலெடுத்து விற்பது எப்படிக் குற்றமோ அப்படியே இதுவும் குற்றம்.

சட்டத்தைக்கூட ஒரு பக்கம் வைப்போம். நன்னெறிக் கல்வியில் "நேர்மை" என்னும் பாடத்தை நாம் நடத்துகிறோம். பிறர் பொருளை அனுமதியின்றி எடுக்கக் கூடாது என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். அந்தப் பாடத்துக்கான இடுபணியை மாணவன் வீட்டில் செய்வது திருட்டு மென்பொருள் ஓடும் கணினியில் என்றால், அவன் உண்மையில் எதைக் கற்றுக்கொள்கிறான்? பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதையே உற்று நோக்குகின்றனர் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியாததன்று.

இன்னொரு கேடும் உண்டு. உரிமத்தை உடைப்பதற்காக இணையத்தில் கிடைக்கும் சிறு நிரல்கள் பலவற்றில் நச்சுநிரல்கள் ஒளிந்திருக்கின்றன. அந்நிரலை இயக்கும்பொழுது "நச்சுநிரல் தடுப்பை அணைத்துவிடுங்கள்" என்றே அறிவுறுத்துவர். பிள்ளையின் படங்களும் பெற்றோரின் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு அந்நியனை உள்ளே விடுவதற்கு ஒப்பானது இது.

எனவே, என் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்து வாங்கிய விண்டோஸும் நேர்மையான வழி. விலையில்லா லினக்ஸும் நேர்மையான வழி. திருட்டு விண்டோஸ் ஒரு வழியே அன்று. விண்டோஸுக்குப் பணம் ஒதுக்க இயலாத குடும்பத்துக்கு, தொடக்கப்பள்ளிப் பிள்ளை பயன்படுத்தும் பழைய கணினிக்கு, லினக்ஸே பொருத்தமானது.

லினக்ஸ் என்பது யாது?

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸும் அத்தகையதே. பின்லாந்து நாட்டின் எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் 1991ஆம் ஆண்டில் அதன் கருப்பகுதியை எழுதி, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இசைவளித்து வெளியிட்டார். அதற்கு முன்பே, 1983ஆம் ஆண்டில், ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்திருந்தார். இவ்விரண்டும் இணைந்து வளர்ந்ததே இன்று நாம் காணும் லினக்ஸ்.

கருப்பகுதியோடு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்துப் பல குழுக்கள் தொகுப்புகளாக வழங்குகின்றன. உபுண்டு 2004ஆம் ஆண்டிலும் லினக்ஸ் மின்ட் 2006ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. டெபியன் இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1993ஆம் ஆண்டில் தொடங்கியது.

"இது கணினி நிபுணர்களுக்கானது அல்லவா?" என்று தயங்குவோர்க்கு ஒன்று சொல்வேன். உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கருதான். நம் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்கள் பயன்படுத்திய குரோம்புக் கணினிகளிலும் அதுவே இருக்கிறது. 2017 நவம்பர் முதல் உலகின் மிகவேகக் கணினிகள் ஐந்நூற்றின் பட்டியலில் உள்ள அனைத்துமே லினக்ஸில்தான் இயங்குகின்றன. நம் அண்டை வீட்டுச் செய்தி வேண்டுமென்றால், தமிழகத்தை அடுத்த கேரள மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வியை நடத்திவருகின்றன. மலேசிய அரசும் 2004ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கென ஒரு திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே, லினக்ஸைப் பேசுவது விந்தையான செயலன்று.

பிள்ளை கணினியில் என்ன செய்கிறான்?

இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. தொடக்கப்பள்ளி மாணவன் ஒருவனின் வேலைகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

1. டெலிமா தளத்தில் நுழைந்து கூகிள் வகுப்பறையில் இடுபணிகளைப் பார்ப்பது. இது முழுவதும் உலாவியில் நடப்பது. பயர்பாக்ஸும் குரோமும் லினக்ஸில் உண்டு.

2. இயங்கலை வகுப்பில் கலந்துகொள்வது. கூகிள் மீட் உலாவியில் இயங்கும். சூம் செயலிக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு.

3. கட்டுரை தட்டச்சு செய்வது, படைப்புத் தயாரிப்பது. லிப்ரே ஆபீஸ் என்னும் தொகுப்பு லினக்ஸ் மின்டுடனே வருகிறது. மைக்ரோசாப்ட் வேர்டு, பவர்பாயிண்ட் கோப்புகளையும் அதில் திறக்கலாம், திருத்தலாம்.

4. வரைதல், விளையாடிக் கற்றல். சிறார்க்கான டக்ஸ் பெயிண்ட், நூற்றுக்கும் மேற்பட்ட கற்றல் நடவடிக்கைகள் கொண்ட ஜிகாம்பிரி ஆகிய இரண்டும் விலையில்லாதவை. ஸ்கிராட்ச் நிரலாக்கம் உலாவியிலேயே இயங்கும்.

5. காணொலி பார்ப்பது. இதற்கு விளக்கம் தேவையில்லை!

பட்டியலைப் பார்த்தீர்களா? பத்து ஆண்டுகளுக்கு முன் கணினியினுள் நிறுவ வேண்டியிருந்தவை பல இன்று உலாவிக்குள் வந்துவிட்டன. பத்து வயதுப் பிள்ளைக்கு விண்டோஸ் இல்லாமல் நடவாத வேலை என்று அதிகமாக எதுவும் இல்லை.

தமிழில் தட்டச்சு செய்ய இயலுமா?

தமிழாசிரியர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இயலும். ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவினால், தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி எனப் பல விசைப்பலகைகள் கிடைக்கும். 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அதே தமிழ்99 விசைப்பலகைதான் இங்கும் உள்ளது. ஆகவே, பள்ளியில் தமிழ்99 பழகிய மாணவன் வீட்டில் லினக்ஸைத் திறந்தாலும் விரல்கள் தடுமாறா.

ஆனால் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம்மில் பலர் பழைய வினாத்தாள்களையும் பயிற்சித்தாள்களையும் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் சேமித்துவைத்திருக்கிறோம். அவற்றை எந்தக் கணினியில் திறந்தாலும், அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு இல்லையென்றால் புரியாத குறிகளாகவே தெரியும். இது லினக்ஸின் குறையன்று. புதிய விண்டோஸ் கணினியிலும் இதே நிலைதான். இயங்குதளம் எதுவாயினும், பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவைப்பது நம் கடமை. இருபது ஆண்டு உழைப்பு எழுத்துருவோடு அழிந்துபோகக் கூடாது.

விண்டோஸ் வேண்டிய இடங்கள்

ஒருதலையாகப் பேசினால் அது கருத்துரை ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். விண்டோஸே பொருத்தமான சூழல்கள் உண்டு.

போட்டோஷாப், ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. வீட்டில் மூத்த பிள்ளை வடிவமைப்போ பொறியியலோ பயின்றால் விண்டோஸ் தேவைப்படும். பெற்றோர் வீட்டிலிருந்து அலுவலக வேலை செய்தால், நிறுவனம் கேட்கும் மென்பொருளைத்தான் வைத்திருக்க வேண்டும். இணையத்தில் பலர் கூடி விளையாடும் விளையாட்டுகள் சில லினக்ஸில் இயங்கா. பிள்ளை இதனால் முகம் சுளிக்கலாம். சில பெற்றோர்க்கு இதுவே மகிழ்ச்சியாகவும் இருக்கலாம்!

பவர்பாயிண்டில் நுணுக்கமான அசைவுகளோடு பாடங்களைத் தயாரிக்கும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும். அக்கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்தால் அமைப்பு சில இடங்களில் மாறக்கூடும். தினமும் பள்ளிக்கும் வீட்டுக்கும் கோப்பைக் கொண்டுசெல்பவர்க்கு இது எரிச்சலைத் தரும். பிள்ளையின் கணினி நேரத்தையும் பார்க்கும் தளங்களையும் கட்டுப்படுத்தும் வசதியும் விண்டோஸில் எளிதாக அமைந்திருக்கிறது. லினக்ஸில் அதற்குச் சற்று முயல வேண்டும்.

இவை உங்கள் வீட்டுக்குப் பொருந்துமானால், தயங்காமல் உரிமமுள்ள விண்டோஸோடு புதிய கணினியை வாங்குங்கள். அதில் தவறேதும் இல்லை.

வழக்கமான இரண்டு மறுப்புகள்

"பள்ளியில் விண்டோஸ், வீட்டில் வேறொன்று என்றால் பிள்ளை குழம்பிவிடாதா?" என்பது முதலாவது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். மூன்று மொழிகளைக் கையாளும் பிள்ளை இரண்டு திரைகளைக் கண்டு மிரளுமா? கோப்பைச் சேமிப்பது, உறையில் அடுக்குவது, தகவலைத் தேடுவது, தேடியதைச் சரிபார்ப்பது ஆகியவையே கணினித் திறன்கள். ஒரு நிறுவனத்தின் பட்டியலில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மனனம் செய்வது திறனாகாது. பொத்தான்களின் இடம் ஒவ்வொரு பதிப்பிலும் மாறிக்கொண்டே இருக்கிறது.

"பழுதானால் யார் பார்ப்பது?" என்பது இரண்டாவது. இது நியாயமான கேள்வி. நம் வட்டாரக் கணினிக் கடைகளில் லினக்ஸ் தெரிந்தவர் குறைவே. லினக்ஸை நிறுவித் தரும் உறவினரோ நண்பரோ இல்லாத வீட்டில், முதல் சில வாரங்கள் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். இதற்குத் தனியொரு பெற்றோரால் தீர்வு காண்பது கடினம். கூட்டாகச் செய்தால் எளிது. அதைப் பற்றிக் கீழே கூறுகிறேன்.

எப்படித் தொடங்குவது?

லினக்ஸின் சிறப்பு, நிறுவாமலேயே அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது. வழிமுறை இதுதான்:

1. முதலில் கணினியிலுள்ள படங்கள், ஆவணங்கள் அனைத்தையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குச் செல்லாதீர்கள்.

2. லினக்ஸ் மின்டின் எக்ஸ்எப்சிஇ பதிப்பைப் பதிவிறக்குங்கள். பழைய கணினிக்கு அது இலகுவானது. மின்டுக்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் வசதியாக இயங்கும்.

3. அதை 8 ஜிபி விரலி ஒன்றில் முறைப்படி எழுதி, கணினியை விரலியிலிருந்து தொடக்குங்கள். வன்தட்டில் எதுவும் மாறாமலேயே லினக்ஸ் திரையில் தோன்றும்.

4. அருகலை, ஒலி, ஒளிப்படக் கருவி, அச்சுப்பொறி ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பிள்ளையை டெலிமாவில் நுழையச் சொல்லுங்கள்.

5. எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே நிறுவுங்கள். விண்டோஸை நீக்காமல் அதன் பக்கத்திலேயே நிறுவவும் வழியுண்டு. ஏதேனும் ஒன்று ஒத்துவராவிட்டால் விரலியைப் பிடுங்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடக்கினால் போதும். பழைய நிலை அப்படியே இருக்கும்.

மற்றொரு குறிப்பு. பழைய கணினியில் சுழலும் வன்தட்டு இருந்தால், அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துங்கள். வேகத்தில் பெரிய வேறுபாட்டைக் காண்பீர்கள். புதிய கணினி வாங்கும் செலவில் இது சிறு பகுதியே.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

2003ஆம் ஆண்டில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தபோது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் ஒளிபடக் காட்டியும் வழங்கப்பட்டன. அதுவரை கணினியைத் தொட்டிராத ஆசிரியர்கள் பலர் அன்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டனர். இல்லிருப்புக் கற்றல் காலத்திலும் அப்படியே. தெரிந்தவர் தெரியாதவர்க்குக் கைகொடுத்தனர். அந்த வழக்கம் நமக்குப் புதியதன்று.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டில் ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்கலாம். பழைய கணினி வைத்திருப்போர் பள்ளி மண்டபத்துக்குக் கொண்டுவரட்டும். முன்னாள் மாணவர்களுள் கணினித் துறையில் பயில்வோரும் பணிபுரிவோரும் இல்லாத தமிழ்ப்பள்ளி உண்டா? அவர்களுள் நால்வரை அழைத்தால் போதும். ஒரு காலைப் பொழுதில் பல கணினிகளுக்கு உயிர் கொடுத்துவிடலாம். நிறுவியவரின் கைப்பேசிக் குழு ஒன்றில் பெற்றோரைச் சேர்த்துவிட்டால், "பழுதானால் யார் பார்ப்பது?" என்னும் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். சரிசெய்த கணினிகளுள் வேண்டாதவற்றை, கணினியே இல்லாத பிள்ளையின் வீட்டுக்குக் கொடுக்கலாம். குப்பைக்குப் போகவிருந்த மின்பொருளும் குறையும்.

தோட்டப்புறத்திலும் அடுக்குமாடி வீடுகளிலும், மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசியை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் படிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் "புதிய கணினி வாங்குங்கள்" என்று சொல்வது எளிது. அந்தத் தொகை அவர்களுக்குப் பல மாதச் சேமிப்பு. ஒரு பழைய கணினியும் ஒரு விரலியும் இரண்டு மணி நேர உழைப்பும் அவர்களுடைய பிள்ளைக்கு ஒரு மேசையையும் திரையையும் தரும் என்றால், அதைச் செய்யாமலிருக்க நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

உங்கள் பள்ளியின் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை முன்வையுங்கள். பள்ளிக் கிடங்கிலும் வீட்டு அலமாரியிலும் உறங்கும் கணினிகள் எத்தனை என்று முதலில் ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். மற்றவை தாமாக நடக்கும்.